உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் சட்டத்துக்குள் ஓர் உலகம்

'நேஷனல் ஜியாகிரஃபிக்' இதழை ஒரு தடவைகூடப் புரட்டாதவர்களுக்கும் அந்த மஞ்சள் சட்டம் அடையாளம் தெரியும். அதே பெயரில் வரும் டி.வி. சேனலின் முத்திரையும் அதுதான். புவியியல், பண்பாடு, புகைப்படம் மூன்றையும் ஒரே கட்டில் கட்டி 135 ஆண்டுகளைத் தாண்டி வந்திருக்கிறது அந்த இதழ். அதைப் பற்றியும், அதே மாதிரி வேலையைத் தமிழ்நாட்டில் செய்தவர்களைப் பற்றியும், விருதுநகர் மாவட்டத்தின் குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார வானம் பார்த்த பூமிக்கு இதில் என்ன பங்கு என்பதைப் பற்றியும் சில துணுக்குகள்.

படமே இல்லாத முதல் இதழ்

1888 ஜனவரி 13 அன்று வாஷிங்டன் நகரின் காஸ்மாஸ் கிளப்பில் 33 பேர் கூடி, புவியியல் அறிவைப் பரப்ப ஒரு சங்கம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் சங்கத்தின் இதழ் வந்தது. பழுப்பு அட்டை, உள்ளே ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அறிஞர்கள் அறிஞர்களுக்காக எழுதிய கட்டுரைகள்தான். முதல் இதழ் போய்ச் சேர்ந்தது 165 உறுப்பினர்களுக்கு. உலகத்தின் புகழ்பெற்ற படப் பத்திரிகை படமில்லாமல்தான் பிறந்தது.

தொலைபேசிக்காரர் கொடுத்த சம்பளம்

சங்கத்தின் இரண்டாவது தலைவர் யார் தெரியுமா? தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். முதல் தலைவர் அவருடைய மாமனார் கார்டினர் ஹப்பர்ட். மாமனார் இறந்தபின் மருமகன் பொறுப்பேற்றார். 1899இல் கில்பர்ட் குரோவ்னர் என்ற 23 வயது இளைஞரை இதழைக் கவனிக்க நியமித்தார் பெல். மாதம் 100 டாலர் சம்பளம் சங்கப் பணத்திலிருந்து போகவில்லை. பெல்லின் சொந்தப் பையிலிருந்து போனது. மறு ஆண்டே குரோவ்னர் பெல்லின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். 1954 வரை ஆசிரியர் நாற்காலியை விடவில்லை. சுமார் 1,000 உறுப்பினர்களோடு அவர் கைக்கு வந்த இதழ், அவர் ஓய்வு பெறும்போது 20 லட்சம் பிரதிகளை எட்டியிருந்தது. சந்தா என்று கேட்காமல், 'சங்கத்தில் உறுப்பினராகுங்கள், இதழ் வீடு தேடி வரும்' என்று கேட்டதுதான் அந்த வளர்ச்சியின் சூட்சுமம்.

11 வெற்றுப் பக்கங்கள் செய்த மாயம்

1905 ஜனவரி இதழ் அச்சுக்குப் போக வேண்டும். 11 பக்கங்களுக்கு விஷயமில்லை. குரோவ்னர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஓர் உறை வந்தது. உள்ளே திபெத்தின் லாசா நகரப் புகைப்படங்கள். வெளியார் எளிதில் நுழைய முடியாதிருந்த அந்த நகரை ரஷ்யப் பயணிகள் சிபிகோவும் நோர்சுனோவும் எடுத்திருந்தார்கள். 11 பக்கத்தையும் படங்களால் நிரப்பிவிட்டு, வேலை போய்விடுமோ என்று பயந்தபடி இருந்தார் குரோவ்னர். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் அவர் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். சில மாதத்தில் பிலிப்பைன்ஸ் பற்றி 138 படங்களை அடுக்கினார். உறுப்பினர்கள் மளமளவென்று சேர்ந்தார்கள்.

மான் படத்துக்காக இருவர் ராஜினாமா

1906 ஜூலை இதழில் ஜார்ஜ் ஷைராஸ் எடுத்த 74 காட்டு விலங்குப் படங்கள் வந்தன. ராத்திரி ஏரியில் ஓசையில்லாமல் படகில் போய், வெளிச்ச மருந்தைக் கொளுத்தி, திடுக்கிட்டுத் திரும்பும் மானை எடுத்தார். சில இடங்களில் விலங்கின் கால் பட்டதும் கேமரா தானே இயங்கும்படி கம்பி கட்டினார். இன்று புலிகளைக் கணக்கெடுக்கக் காட்டில் வைக்கும் தானியங்கிக் கேமராக்களுக்கு இவருடைய கம்பி முன்னோடி. வாசகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் 'அறிவியல் இதழைப் படப் புத்தகமாக்கிவிட்டார்கள்' என்று நிர்வாகக் குழுவில் இருவர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார்கள்.

ஓர் இதழ் முழுக்க ஒரே ஊர்

பெரு நாட்டின் மலைமுகட்டில் இருக்கும் பழைய நகரமான மச்சு பிச்சுவுக்கு அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்ஹாம் 1911இல் போனார். அக்கம்பக்கத்து உழவர்களுக்கு அந்த இடிபாடுகள் முன்பே தெரியும், வழிகாட்டியதே அவர்கள்தான். 1913 ஏப்ரல் இதழ் முழுவதையும் அந்த ஓர் ஊருக்கே கொடுத்தது பத்திரிகை. மச்சு பிச்சு உலகப் புகழ் பெற்றது அதற்குப் பிறகுதான்.

மஞ்சள் எப்போது வந்தது?

1910இல். அட்டையைச் சுற்றி ஓக் இலைகளும் காய்களும் பின்னிய அலங்காரம், அதற்கு வெளியே மஞ்சள் விளிம்பு. அட்டையின் நடுவில் பல காலம் கட்டுரைத் தலைப்புகள்தான் இருந்தன. படப் பத்திரிகை என்று பேர் வாங்கிய இதழின் அட்டையில் புகைப்படம் வழக்கமாக வரத் தொடங்கியது 1959இல்.

உருளைக்கிழங்கு தந்த வண்ணம்

இதழின் முதல் இயற்கை வண்ணப் புகைப்படம் 1914 ஜூலையில் வெளியானது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் எடுத்த ஒரு பூந்தோட்டம். அதற்கு உதவியது லூமியர் சகோதரர்களின் 'ஆட்டோக்ரோம்' முறை. உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளுக்கு மூன்று நிறச் சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் பரப்புவார்கள். அந்த மணிகள்தான் வண்ண வடிகட்டி. ஒளி குறைவாக ஊடுருவும் என்பதால் படமெடுக்கப்படுபவர் பல விநாடி அசையாமல் நிற்க வேண்டும். அந்தக் காலத்து வண்ணப் படங்களில் எல்லோரும் விறைப்பாக நிற்பதற்குக் காரணம் மரியாதை மட்டும் அல்ல.

கடலுக்குள் வெடித்த வெளிச்சம்

கடலுக்கடியில் எடுத்த முதல் வண்ணப் படத்தில் இருப்பது ஒரு மீன். அமெரிக்காவின் டிரை டார்டுகாஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் 1926இல் சார்லஸ் மார்ட்டினும் வில்லியம் லாங்லியும் எடுத்தார்கள். தண்ணீருக்குள் வெளிச்சம் போதாது. மேலே மிதவையில் மக்னீசியப் பொடியைக் கொட்டி, ஷட்டர் திறக்கும் அதே கணத்தில் வெடிக்க வைத்தார்கள். கொஞ்சம் பிசகினால் ஆளே போயிருப்பார். 1927 ஜனவரி இதழில் படம் வந்தது.

பூமி உருண்டை என்பதற்குச் சாட்சி

1935 நவம்பர் 11. 'எக்ஸ்ப்ளோரர் 2' என்ற பலூனில் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், ஆர்வில் ஆண்டர்சன் என்ற இரு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் 72,395 அடி உயரம் போனார்கள். நமது விமானங்கள் பறக்கும் உயரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கிருந்து எடுத்த படத்தில் தொடுவானம் வில்லாக வளைந்து தெரிந்தது. ராணுவத்தோடு சேர்ந்து அந்தப் பயணத்தை நடத்தியது நேஷனல் ஜியாகிரஃபிக் சங்கம். விண்கலங்கள் பூமியைப் படமெடுப்பதற்கு வெகு காலம் முந்திய கதை இது.

அட்மிரலைக் கரை சேர்த்த வரைபடம்

இந்த இதழோடு மடித்து வரும் வரைபடங்களைப் பலர் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள். 1942இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி செஸ்டர் நிமிட்ஸ் பசிபிக் கடலின் மேல் குவாடல்கனால் தீவுக்குப் பறந்துகொண்டிருந்தார். மழையில் விமானம் வழி தவறியது. ராணுவ வரைபடம் கைகொடுக்கவில்லை. உடன் வந்தவரிடம் இருந்த நேஷனல் ஜியாகிரஃபிக் வரைபடத்தைப் பார்த்து விமானி தீவைக் கண்டுபிடித்து இறக்கினார்.

நம் கடலின் அடித்தளம்

மேரி தார்ப், புரூஸ் ஹீசன் இருவரும் கடலடித் தரையின் மேடு பள்ளங்களைக் கணக்கிட்டுக் கோடாக்கினார்கள்; ஆஸ்திரிய ஓவியர் ஹைன்ரிக் பெரான் அதற்கு உருவம் கொடுத்தார். இதழுக்காக அவர்கள் முதலில் தந்தது அட்லாண்டிக்கும் அல்ல, பசிபிக்கும் அல்ல. நம்முடைய இந்தியப் பெருங்கடல்தான். 1967 அக்டோபர் இதழோடு அது வந்தது. தண்ணீரை வற்றடித்துவிட்டுப் பார்த்தால் கன்னியாகுமரிக்குத் தெற்கே என்ன இருக்கும் என்பதைப் பொதுமக்கள் அப்போதுதான் கண்ணால் பார்த்தார்கள்.

கொரில்லா எடுத்த அட்டைப்படம்

1978 அக்டோபர் இதழின் அட்டைப்படத்தை எடுத்தது மனிதர் இல்லை. சைகை மொழி பழகிய கொக்கோ என்ற கொரில்லா, கண்ணாடியின் முன்னால் கேமராவைப் பிடித்துத் தன்னையே எடுத்துக்கொண்டது. செல்ஃபி எடுப்பதில் மனிதருக்குப் போட்டி அப்போதே வந்துவிட்டது.

கோடிப் பிரதிகளில் ஒரு கழுகு

1984 மார்ச் இதழின் அட்டையில் அசைத்தால் திரும்பிப் பார்ப்பது போன்ற கழுகு இருந்தது. லேசர் ஒளியில் உருவாக்கும் ஹாலோகிராம் படம். பெரிய பத்திரிகை ஒன்றின் அட்டையில் ஹாலோகிராம் வந்தது அதுவே முதல் தடவை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகளில் அதை ஒட்டினார்கள். இன்று அதன் வாரிசுகள் நம் ஏ.டி.எம். அட்டைகளின் மூலையில் மின்னுகின்றன.

நகர்ந்த பிரமிடுகள்

1982 பிப்ரவரி அட்டையில் எகிப்தின் பிரமிடுகள். படம் படுக்கைவாட்டில் எடுத்தது, அட்டையோ நெட்டுக்குத்தானது. பொருந்தவில்லை. கணினியில் ஒரு பிரமிடை இன்னொன்றின் பக்கம் நகர்த்திவிட்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் உலகம் முழுவதும் சர்ச்சை. படத்தை நம்பலாமா என்ற கேள்வி, செயற்கை நுண்ணறிவுப் படங்கள் வருவதற்கு நாற்பது ஆண்டு முன்பே எழுந்துவிட்டது. பிற்கால ஆசிரியர்கள் அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள்.

பெயர் கேட்காத படம்

1985 ஜூன் அட்டையில் பச்சைக் கண்களோடு நேராகப் பார்க்கும் ஆப்கன் சிறுமியை மறக்க முடியுமா? பாகிஸ்தானின் நாசிர் பாக் அகதி முகாமில் 1984இல் ஸ்டீவ் மக்கரி எடுத்த படம். உலகமே அந்த முகத்தைக் கொண்டாடியது. ஆனால் அந்தச் சிறுமியின் பெயரை அன்று யாரும் குறித்து வைக்கவில்லை. 17 ஆண்டு கழித்து 2002இல் தேடிக் கண்டுபிடித்தபோதுதான் பெயர் ஷர்பத் குலா என்று தெரிந்தது. தன் முகம் உலகப் புகழ் பெற்றது அந்தப் பெண்ணுக்கும் அதுவரை தெரியாது. 2021இல் இத்தாலி அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. படம் எவ்வளவு பெரிதானாலும் பெயரில்லாவிட்டால் பாதிப் பதிவுதான்.

தன்னையே குற்றக் கூண்டில் ஏற்றிய இதழ்

இந்த இதழில் படத்துக்குக் கீழே வரும் நாலு வரி விளக்கத்தை எழுதுவதற்கென்றே தனி ஆசிரியர்கள் இருந்தார்கள். அதே விளக்கங்கள்தான் இதழுக்குத் தலைகுனிவையும் தேடித் தந்தன. 2018 ஏப்ரல் இதழுக்காக, அப்போதைய ஆசிரியர் சூசன் கோல்ட்பர்க், ஜான் எட்வின் மேசன் என்ற வரலாற்றுப் பேராசிரியரை அழைத்துப் பழைய இதழ்களை ஆராயச் சொன்னார். வெள்ளையர் அல்லாத மக்களைப் பல காலம் காட்டுமிராண்டிகளாகவும் வேடிக்கைப் பொருளாகவும் காட்டியது தெரியவந்தது. 1916இல் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் படத்துக்குக் கீழே அவர்களை அறிவில் கடைசி வரிசையில் வைத்து எழுதியிருந்தார்கள். 'எங்கள் செய்திகள் இனவெறி கொண்டவையாக இருந்தன' என்று இதழே அறிவித்தது. அடுத்தவர் ஊரைப் படமெடுப்பவர் எழுதும் விளக்கத்தை அந்த ஊர்க்காரரும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

உசிலம்பட்டிப் பக்கத்துக்கு வந்த மஞ்சள் சட்டம்

நமக்கு மிக அருகிலேயே ஒரு தொடர்பு உண்டு. மரபணு ஆய்வாளர் ஸ்பென்சர் வெல்ஸ், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனோடு சேர்ந்து தென்தமிழ்நாட்டு மக்களின் மரபணுக்களை ஆராய்ந்தார். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஜோதிமாணிக்கம் என்ற கிராமத்தில் எம்130 என்ற மரபணு அடையாளம் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே நடந்து ஆஸ்திரேலியாவரை போன ஆதி மனிதக் கூட்டத்தின் தடயம் அது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் அதே அடையாளம் இருக்கிறது. 1916இல் எந்த மக்களை அந்த இதழ் இழிவாக எழுதியதோ, அவர்களும் நம் மதுரைப் பக்கத்து ஆளும் ஒரே வழியில் நடந்து வந்தவர்கள் என்பதைச் சொல்ல உதவியதும் அதே சங்கம்தான். 2005இல் ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து அது தொடங்கிய 'ஜீனோகிராஃபிக்' திட்டத்துக்கு வெல்ஸ் தலைமை தாங்கினார். இந்தியப் பகுதியைப் பிச்சப்பன் கவனித்தார்.

தமிழுக்கு ஒரு 'குமரி மலர்'

உலகம் சுற்றியவர், புகைப்படக்காரர், பத்திரிகை ஆசிரியர் என்று மூன்று தொப்பியும் போட்ட தமிழர் ஒருவர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 'உலகம் சுற்றும் தமிழன்' அவருடைய பயண நூல். 1943இல் 'குமரி மலர்' இதழைத் தொடங்கி, 1983இல் இறக்கும்வரை விடாமல் நடத்தினார். பழைய இதழ்களிலும் நூல்களிலும் மறைந்து கிடந்த பயணக் குறிப்புகளையும் ஊர்ச் செய்திகளையும் தேடியெடுத்து மறுபடி அச்சிட்டார். அந்த மாதிரிக் கட்டுரைகளைத் தொகுத்துத் 'தமிழ்நாடு' என்று ஒரு நூலும் போட்டார். பெரிய சங்கமோ கோடிக்கணக்கில் பணமோ பின்னால் இல்லாமல், ஒற்றை ஆள் நாற்பது ஆண்டு செய்த வேலை இது.

50,000 அடி காந்தி

அதே செட்டியார், 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது, காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கலாமே என்று யோசித்தார். யோசனையோடு நிற்கவில்லை. சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்து, முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த 50,000 அடி பிலிமைச் சேகரித்தார். 12,000 அடிப் படமாகச் சுருக்கி 1940 ஆகஸ்டில் சென்னையில் திரையிட்டார். பின்னாளில் படம் காணாமல் போயிற்று. 2006இல் வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி, சான்பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் அதன் சுருக்கப்பட்ட ஆங்கில வடிவத்தைக் கண்டுபிடித்தார்.

விளம்பரப் பலகை எழுதியவரின் நூலகம்

அதே கோட்டையூரிலிருந்து இன்னொருவர்: ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், மாத இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரம் சென்னைக்கு வந்தது. இன்றைக்குப் பழைய தமிழ் இதழைத் தேடும் ஆராய்ச்சியாளர்கள் முதலில் தட்டும் கதவு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்தான்.

நூறு வயதுச் சென்னைப் புவியியல் சங்கம்

1926இல் சென்னையில் 'மெட்ராஸ் புவியியல் சங்கம்' தொடங்கியது. அந்த ஆண்டே தனக்கென ஓர் ஆய்விதழையும் தொடங்கியது. அந்தச் சங்கமே பிறகு 'இந்தியப் புவியியல் சங்கம்' என்றும், இதழ் 'இந்தியன் ஜியாகிராஃபிகல் ஜர்னல்' என்றும் மாறின. மஞ்சள் இதழைப்போல வீட்டுக்கு வீடு போகவில்லை. ஆனால் நம் ஊர்ப் பயிர், பாசனம், குடியிருப்புகளை ஆராய்ந்து எழுத நம் நாட்டுப் பேராசிரியர்களுக்குக் களம் அமைத்துக் கொடுத்தது.

மாட்டு வண்டியில் போன கேமரா

மதுரை மீனாட்சியம்மன் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும் 1858இல் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டுமா? லின்னேயஸ் ட்ரைப் எடுத்த படங்கள் இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் கேப்டன். 1856இல் சென்னை அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். பெட்டி பெட்டியாகச் சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். இன்று செல்போனில் 'பனோரமா' என்று ஓர் இழுப்பில் எடுத்துவிடுகிறோம்.

46 ஆண்டு ஓடிய ஒரு பத்தி

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், இயற்கை எழுத்தாளர், காட்டுயிர்ப் புகைப்படக்காரர். கொல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். பல உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய பூதாகரமான கேமராவால் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். புலிக்கும் யானைக்கும் கொடுத்த அதே கவனத்தை வீட்டுக் கூரையில் உட்காரும் காகத்துக்கும் கொடுத்தவர். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாக வந்திருக்கின்றன.

தினம் ஒரு சூரியன்

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைத் தொடர்ந்து படமெடுத்து வருகிறார்கள். மேகம் மறைத்த நாள் தவிர நாள்தோறும், தேதி நேரத்தோடு. தனித்தனியாகப் பார்த்தால் அலுப்பூட்டும் வட்டங்கள். நூறு ஆண்டுத் தகடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் சூரியப் புள்ளிகள் கூடுவதும் குறைவதும் தெரிகிறது. உலக விஞ்ஞானிகள் இன்று அவற்றைத் தேடி வருகிறார்கள். ஒரே இடத்திலிருந்து ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப எடுப்பதும் பெரிய கலைதான்.

திருச்சுழிக்காரரும் உலகக் கேமராக்களும்

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன்தான் ரமண மகரிஷி. 1949 மே மாதம் அமெரிக்காவின் 'லைஃப்' இதழ் அவரைப் பற்றிப் படங்களோடு கட்டுரை போட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் திருவண்ணாமலையில் அவர் சமாதியடைந்தபோது, உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் அங்கேயே இருந்தார். கடைசி நாட்களைப் படமெடுத்தார். கரிசல் மண்ணில் பிறந்து, அதிகமாகப் படமெடுக்கப்பட்ட முகம் அநேகமாக அவருடையதாகத்தான் இருக்கும்.

புவியியலோடு பண்பாடு சேர்த்தவர்கள்

நிலம், அங்கே வாழும் மக்கள், அவர்கள் தெய்வம், பறை, யாழ், உணவு, பறவை, மரம் என்று எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் வைத்துப் பார்த்தது தொல்காப்பியத்தின் ஐந்திணை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் தம் இயல்பு திரியும்போது பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். மழை பொய்த்தால் பச்சைக் காடும் பொட்டல்தான் என்பது கரிசல்காட்டு ஆட்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

கண்மாய் என்னும் வரைபடம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் மூன்று மாதம் பெய்து முடிந்துவிடும். அந்தத் தண்ணீரைத் தேக்கத்தான் ஊருக்கு ஊர் கண்மாய். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாகக் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். மடை திறந்தால் வயலுக்குப் பாயும். ஒரு கண்மாயின் வரத்துக்கால் அடைபட்டால் கீழே இருக்கும் அத்தனை ஊரும் காயும். மேற்குமலையில் பிறந்து திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகக் கடலுக்குப் போகும் குண்டாறும் பல கண்மாய்களுக்குப் படியளக்கிறது. நம் பகுதியின் உண்மையான வரைபடம் ரோட்டு வரைபடம் அல்ல, கண்மாய் வரைபடம்தான்.

வேலி தாண்டிய மரம்

இன்று இந்தப் பக்கம் எங்கே கேமராவைத் திருப்பினாலும் சீமைக்கருவேலம் விழும். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். கண்மாய் உள்வாய், தரிசு, வாய்க்கால் கரை என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு பக்கம் நிலத்தைப் பிடித்துக்கொண்ட வில்லன். இன்னொரு பக்கம் மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் குடும்பங்களுக்குச் சோறு. கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி விளைந்த காடு இந்த முள்ளுக்கு முன்னால் எப்படி இருந்தது என்று காட்ட எத்தனை வீட்டில் ஒரு படம் இருக்கும்?

மாறப்போகும் நிலம்

விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 'பி.எம். மித்ரா' ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023இல் அறிவிப்பு வந்தது. நாடு முழுவதற்கும் தேர்வான 7 இடங்களில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது இது ஒன்று. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு. அருப்புக்கோட்டை ஏற்கெனவே கைத்தறிக்கும் நூற்பாலைக்கும் பேர் போன ஊர். வேலை வரும், ரோடு வரும், கட்டடம் வரும். அடுத்த தலைமுறைக்கு இந்த நிலத்தின் பழைய முகம் படத்தில்தான் இருக்கும், யாராவது எடுத்து வைத்தால்.

அந்த இதழே இப்போது எப்படி இருக்கிறது?

2019 முதல் நேஷனல் ஜியாகிரஃபிக் டிஸ்னி நிறுவனத்தின் கையில். 2023இல் கடைசிச் சம்பள எழுத்தாளர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டிலிருந்து அமெரிக்கக் கடைகளில் தொங்கவிட்டு விற்பதையும் நிறுத்தினார்கள். அங்கே சந்தாதாரர்களுக்கு மட்டும் அச்சுப் பிரதி போய்க்கொண்டிருக்கிறது. 1995இல் ஜப்பானிய மொழியில் தொடங்கிப் பல மொழிகளில் பதிப்பு வந்தது, தமிழில் வரவில்லை. இனி வரும் என்று காத்திருப்பதிலும் அர்த்தம் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

லாசாவின் படங்களை வைத்து ஒரு பத்திரிகை உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. குமாரலிங்கபுரத்திலும் சுற்று ஊர்களிலும் ஒவ்வொருவர் கையிலும் குரோவ்னர் காலத்துக் கேமராவைவிட ஆயிரம் மடங்கு நல்ல கேமரா இருக்கிறது. உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையை, கலுங்கை, ஊருணியை, களத்துமேட்டை, தறிக்கூடத்தை ஆண்டுக்கு ஒரு தடவை, நின்ற இடத்திலேயே நின்று எடுங்கள். ஊர், தேதி, எடுத்தவர் பெயர், படத்தில் இருப்பவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயர் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய ஸ்டுடியோப் படங்களின் பின்புறத்திலும், விவரம் சொல்ல வீட்டில் தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். ஒரு பிரதியை ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ கிளை நூலகத்திலோ கொடுத்துவையுங்கள். நம் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர் வந்து எழுதும்வரை காத்திருக்காமல், இந்தப் பொங்கலுக்குள் முதல் படத்தை எடுத்துவிடுங்கள்.